ஐந்தாம் ஃபிரெட்டை விட்டு நகருங்கள்: கிடார் முழுவதும் பென்டடானிக்

என்னிடம் கிடார் கற்க வரும் கல்லூரிப் பிள்ளைகளில் பலருக்கு ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசை ஏற்கெனவே தெரிந்திருக்கும். இணையத்தில் பார்த்துப் பழகியிருப்பார்கள். ஐந்தாம் ஃபிரெட்டில் (வீணையின் மெட்டைப் போலக் கிடார் கழுத்தின் குறுக்கே இருப்பதுதான் ஃபிரெட்) ஆள்காட்டி விரலை ஊன்றிக்கொண்டு மேலும் கீழும் ஓட்டிக் காட்டுவார்கள். வேகத்துக்குக் குறைவே இருக்காது. “சரி, இதையே பத்தாம் ஃபிரெட் பக்கம் வாசி” என்றால் கை நின்றுவிடும். “அந்த பாக்ஸ் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை மிஸ்” என்பார்கள். பாக்ஸ் என்றால், கையை நகர்த்தாமல் சில ஃபிரெட்டுகளுக்குள் வாசிக்கும் விரல் வடிவம்.

கோளாறு மனப்பாடத்தில் இல்லை. ஐந்து பாக்ஸையும் நெட்டுருப் போட்டு வந்தவர்களும் அதே இடத்தில்தான் திணறுகிறார்கள். விரலுக்கு வழி தெரிகிறது, காதுக்கு ஸட்ஜம், அதாவது எல்லாம் வந்து நிற்கும் ஆதார ஸ்வரம், தெரியவில்லை. நான் வீணையிலிருந்து கிடாருக்கு வந்தவள். வீணையில் பெரும்பாலும் சாரணி என்ற முக்கியத் தந்தி ஒன்றிலேயே கை மெட்டுக்கு மெட்டு போய் வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிக்கிற பேச்சே இல்லை. அதனால் என் பாடத்தில் வரிசை தலைகீழ்: முதலில் ஒரே கம்பி, பிறகு சாய்வாக ஏறும் வழி, பாக்ஸ் கடைசியில்.

கிடாரை வழக்கமான சுருதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ. மெல்லிய கம்பியை முதல் கம்பி என்றும் தடித்ததை ஆறாம் கம்பி என்றும் சொல்கிறேன். நமக்கு வேண்டிய ஸ்வரங்கள் ஏ, சி, டி, இ, ஜி. ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். பாட்டு கற்றவர்களுக்கு இது சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வர வரிசை என்று உடனே பிடிபடும். ப்ளூஸ் கிடார் நிற்பதும் பெரும்பாலும் இந்த ஐந்தின் மேல்தான்.

ஒரே கம்பி

மூன்றாம் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஃபிரெட்டில் ஸ, ஐந்தில் க, ஏழில் ம, ஒன்பதில் ப, பன்னிரண்டில் நி, பதினான்கில் மேல் ஸ. இடைவெளிகளை மட்டும் பாருங்கள்: 3, 2, 2, 3, 2. இந்த ஐந்து எண்கள் கைக்கு வந்துவிட்டால் எந்தக் கம்பியிலும் எந்தச் சுருதியிலும் பென்டடானிக் உங்களுடையது.

வாசிக்கும் முறை முக்கியம். வலது கைக் கட்டைவிரல் ஐந்தாம் கம்பியைத் திறந்தபடியே மீட்டிக்கொண்டிருக்கட்டும். அது ஏ, அதாவது உங்கள் ஆதார ஸட்ஜம். அதன் மேல் ஆள்காட்டி விரலால் மூன்றாம் கம்பியைத் தட்டி ஒவ்வொரு ஸ்வரமாக ஏறுங்கள். இடது கையில் ஒரே விரல் போதும். வாய்விட்டு ஸ்வரம் சொல்லுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு இந்தப் பாடம் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. வருடக் கணக்காகப் பார்க்கிறேன். ஒன்பதாம் ஃபிரெட்டில் பஞ்சமம் ஆதாரத்தோடு அப்படியே கரைந்து போகும். பன்னிரண்டில் நிஷாதம் ஸட்ஜத்துக்காகத் தவிக்கும். இந்த வித்தியாசம் காதுக்குத் தெரிந்த பிறகுதான் அடுத்த கம்பி.

இரண்டாம் கம்பியில் சி 1, டி 3, இ 5, ஜி 8, ஏ 10, சி 13. முதல் கம்பியில் திறந்த கம்பியே இ, பிறகு ஜி 3, ஏ 5, சி 8, டி 10, இ 12. இங்கே ஆரம்பம் ஸட்ஜத்தில் இல்லை, நடுவில் வருகிறது. அதுதான் நல்லது. சாதாரண அகூஸ்டிக் கிடாரில் பதினான்காம் ஃபிரெட்டோடு கழுத்து முடிந்து உடல் தொடங்கிவிடும். இந்த மூன்று கம்பிப் பயிற்சியும் அதற்குள் அடங்கும்.

இடையிடையே ஒரு விளையாட்டு: மெட்ரோனோமை (சீராகத் தட்டு கொடுக்கும் கருவி) நிமிடத்துக்கு 60 என்று வைத்துவிட்டு, ஏ மட்டும் தேடுங்கள். ஆறாம் கம்பியில் 5, ஐந்தாம் கம்பியில் 12, நான்கில் 7, மூன்றில் 2, இரண்டில் 10, ஒன்றில் 5. தட்டுக்கு ஒரு ஏ. வேறெதையும் வாசிக்கக் கூடாது. சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் இது தடுமாறுகிறவரை பாக்ஸ் பக்கம் போவதில் பயனில்லை.

மூன்று முறை வரும் ஒரே வடிவம்

மொத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆறாம் கம்பியில் 3, 5. ஐந்தாம் கம்பியில் 3, 5, 7. ஸ்வரமாகச் சொன்னால் நி ஸ க ம ப. இப்போது நான்காம் கம்பியில் 5, 7. மூன்றாம் கம்பியில் 5, 7, 9. மறுபடியும் நி ஸ க ம ப, ஒரு ஸ்தாயி மேலே. அடுத்து இரண்டாம் கம்பியில் 8, 10. முதல் கம்பியில் 8, 10, 12. மூன்றாம் முறையாக அதே நி ஸ க ம ப. மூன்றாம் ஃபிரெட்டில் தொடங்கிய கை பன்னிரண்டில் நிற்கிறது, விரல்களின் அமைப்போ மாறவே இல்லை.

விரலடைவு: கீழ்க்கம்பியில் ஆள்காட்டி, மோதிரம். அடுத்த கம்பியில் ஆள்காட்டி, மோதிரம்; பிறகு அந்த மோதிர விரலைத் தூக்காமல் இரண்டு ஃபிரெட் சறுக்குங்கள். மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு. சறுக்கி முடிக்கும்போது கை முழுவதும் இரண்டு ஃபிரெட் முன்னால் வந்துவிட்டிருக்கும். ஆள்காட்டி விரல் அடுத்த கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே காத்திருக்கும். எதையும் தேட வேண்டியதில்லை. கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் அழுத்திப் பிடித்திருந்தால் இந்த நகர்வு நடக்காது, மணிக்கட்டு மட்டும் முறுகும். சறுக்கும் நொடியில் கட்டைவிரல் தளர்ந்திருக்க வேண்டும்.

முதல் தாவல் இரண்டு ஃபிரெட், அடுத்தது மூன்று. 3-லிருந்து 5, 5-லிருந்து 8. ஏன்? கிடாரில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே ஐந்து ஃபிரெட் தூரம். மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் இடையே மட்டும் நான்கு. அந்த ஓரிடத்தில் எல்லா வடிவமும் ஒரு ஃபிரெட் வலப்பக்கம் தள்ளிக்கொள்ளும். ஐந்து பாக்ஸ்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல் கோணல்மாணலாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இறங்கும்போது ப ம க ஸ நி. இங்கே சறுக்குவது ஆள்காட்டி விரல்: பஞ்சமத்தை மோதிர விரலாலும் மத்யமத்தை ஆள்காட்டியாலும் பிடித்து, அந்த ஆள்காட்டியையே காந்தாரத்துக்கு இறக்குங்கள். ஏறுவதும் இறங்குவதும் சரளமானதும் வரிசைகளை மாற்றுங்கள். ஸகம, கமப, மபநி, பநிஸ என்று மும்மூன்றாக ஆதி தாளத்தில் போட்டுப் பாருங்கள். தாட்டு வரிசை பழகியவர்களுக்குக் கை தானாகவே போகும்.

ஸட்ஜத்தை மாற்றிப் பாருங்கள்

இதே வழியை, ஒரு விரலைக்கூட மாற்றாமல், ஐந்து ராகங்களின் வாசலாக ஆக்கலாம். கைப்பேசியில் தம்புரா செயலியைப் போடுங்கள். முதலில் ஏ, நம் சுருதிக் கணக்கில் ஆறு கட்டை. இது வரை வாசித்தது இந்தச் சுத்த தன்யாசிதான். இப்போது தம்புராவை சி-க்கு, ஒரு கட்டைக்கு மாற்றுங்கள். அதே ஃபிரெட்டுகளை வாசியுங்கள். நி ஸ க ம ப என்று ஒலித்தது ப த ஸ ரி க என்று மாறிவிடும். மோகனம்! மேற்கத்திய இசையில் மேஜர் பென்டடானிக் என்பது இதைத்தான். டி-யில் வைத்தால் மத்யமாவதி, இ-யில் ஹிந்தோளம், ஜி-யில் சுத்த சாவேரி. கிரக பேதம் (ஸ்வரங்களை அப்படியே வைத்து ஸட்ஜத்தை மட்டும் மாற்றுவது) என்று வகுப்பில் காகிதத்தில் போட்டுக் காட்டுவதை கிடாரில் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இ-யில் வாசிக்கும்போது மட்டும் தம்புராவைப் பஞ்சமத்துக்குப் பதில் மத்யமத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. கற்கிற காதுக்கு மத்யம சுருதிதான் இதம். சி-யில் மோகனம் வாசிக்கும்போது காந்தாரம் தம்புராவைவிட இம்மி தூக்கலாகக் கேட்டால் உங்கள் கிடாரைக் குறை சொல்ல வேண்டாம். எல்லா ஃபிரெட்டுகளையும் சமமாகப் பங்கிட்ட அமைப்பில் அது அப்படித்தான் விழும்.

இப்படி வாசிப்பதால் ராகம் வந்துவிட்டது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. சுத்த தன்யாசியில் காந்தாரமும் நிஷாதமும் அசைந்து வர வேண்டும்; நேராகப் பிடித்தால் அது வெறும் ஸ்வர வரிசை. நான் இதைச் சொல்லித் தருவது வேறொரு காரணத்துக்காக. எந்த ஸ்வரத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதைத் தம்புரா ஒவ்வொரு முறையும் வேறாகச் சொல்லும். ஒரே வழியில் ஐந்து இடங்களில் உட்காரக் கற்ற கை, பின்னால் எந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) ஓடினாலும் திகைக்காது.

இனி பாக்ஸ்

ஐந்தாம் ஃபிரெட் பாக்ஸ், ஆறாம் கம்பியிலிருந்து: 5-8, 5-7, 5-7, 5-7, 5-8, 5-8. அதற்கு அடுத்தது: 8-10, 7-10, 7-10, 7-9, 8-10, 8-10. முதல் பாக்ஸின் வலது ஓரம்தான் இரண்டாவதன் இடது ஓரம் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் பழகிய சாய்வு வழி இவை இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது; ஆகவே இவை புதிய பாடமில்லை, ஏற்கெனவே நடந்த தெருவின் இருபுறமும் உள்ள வீடுகள். மற்ற மூன்றையும் நான் எழுதித் தருவதில்லை. 3, 2, 2, 3, 2 தெரிந்தவர்கள் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள், அப்படிக் கண்டுபிடித்தது மறப்பதுமில்லை.

இரண்டாம் பாக்ஸின் மேற்பகுதியில் ஒரு சிறு இடம் ப்ளூஸ் கிடார் கலைஞர் பி.பி. கிங் பெயராலேயே வழங்குகிறது. இரண்டாம் கம்பியின் பத்தாம் ஃபிரெட்டில் ஸட்ஜம்; அதைச் சுற்றி ஒரு கைப்பிடி ஸ்வரங்கள். அவ்வளவு சின்ன இடத்தில் அந்த மனிதர் பேசாத பேச்சு இல்லை. ஃபிரெட்டுகளின் எண்ணிக்கையை வைத்து வாசிப்பை அளப்பவர்களிடம் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

கம்பியை இழுக்கும் பழக்கத்தையும் இங்கேயே தொடங்குங்கள். இரண்டாம் கம்பி ஐந்தாம் ஃபிரெட்டில் இ-யைத் தட்டிக் கேளுங்கள். பிறகு மூன்றாம் கம்பி ஏழாம் ஃபிரெட்டில் டி-யைப் பிடித்து, அந்த இ வரும்வரை மேல்நோக்கித் தள்ளுங்கள். மோதிர விரல் தனியாகத் தள்ளக் கூடாது. நடுவிரலும் ஆள்காட்டியும் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிடாரில் 9 அல்லது 10 அளவுக் கம்பி என்றால் எளிது. அகூஸ்டிக்கில் 12 அளவுக் கம்பிகளில் மூன்றாவது பெரும்பாலும் சுற்றுக்கம்பியாக இருக்கும். அதில் முழு ஸ்வரம் இழுப்பது தண்டனை. சறுக்கிப் போய்விடுங்கள்.

ப்ளூஸ் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. ஏ7 கார்டில் இருப்பது சி ஷார்ப், உங்கள் கையில் இருப்பது சி. உரசத்தான் செய்யும். அந்த சி-யை லேசாக, கால் ஸ்வரம் அளவுக்கு நிமிர்த்தினால் உரசல் கெஞ்சலாகிவிடும்.

வேறு சுருதிக்கு மாறுவதென்றால் சாய்வு வழியை அப்படியே நகர்த்தலாம். பி மைனருக்கு எல்லாம் இரண்டு ஃபிரெட் மேலே: தொடக்கம் ஆறாம் கம்பியில் 5, 7. இ மைனருக்கு இப்படி நகர்த்தினால் பத்தாம் ஃபிரெட்டில் தொடங்க வேண்டிவரும், அகூஸ்டிக்கில் மேலே இடம் போதாது. அதற்கு ஐந்தாம் கம்பியிலிருந்து புறப்படுங்கள்: ஐந்தில் 5, 7, நான்கில் 5, 7, 9, மூன்றில் 7, 9, இரண்டில் 8, 10, 12, முதல் கம்பியில் 10, 12. மூன்றிலிருந்து இரண்டாம் கம்பிக்குப் போகும்போது வடிவம் நடுவிலேயே ஒரு ஃபிரெட் தள்ளுகிறது அல்லவா, அந்த நான்கு ஃபிரெட் தூரம்தான் அது. அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்து, 7, 9, 8, 10, 12 என்று திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு முழு வழிக்குப் போங்கள்.