‘டோன்ட் கட்’ என்று எழுத ஏன் இத்தனை சோம்பல்?

ஹெல்மெட், பெல்ட், டயர் காற்றெல்லாம் உங்களுக்கே தெரியும். கோவைப் பக்கம் புதிதாக ரேலி ஓட்ட வரும் பையன்களுக்கு பக்கத்து சீட்டில் வழிக்குறிப்பு (நோட்ஸ்) படிக்கும் கோ-டிரைவராக உட்காரும்போது, நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தைத்தான் பார்க்கிறேன். அதில் காசைத் தின்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

வளைவின் உள்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது

2001 உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று, வேல்ஸ். 1995 சாம்பியன் காலின் மெக்ரே 42 புள்ளியோடு முதலிடம். டாமி மாக்கினன் 41, ரிச்சர்ட் பர்ன்ஸ் 40. மாக்கினன் சீக்கிரமே வெளியேறிவிட்டார். ரோண்டா ஸ்டேஜில் (நேரம் கணக்கிட்டு ஓட்டும் சாலைப் பகுதி) ஒரு வளைவை மெக்ரே உள்ளே ஒட்டி வெட்டினார். அங்கிருந்த குழியில் விழுந்து ஃபோர்டு ஃபோகஸ் உருண்டது. பர்ன்ஸ் மூன்றாவதாக வந்து 44 புள்ளியில் பட்டத்தை எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் மெக்ரே ஜெயித்தது 3 ரேலி, பர்ன்ஸ் 1.

ரெக்கியில், அதாவது போட்டிக்கு முன் பாதையைப் பார்த்து நோட்ஸ் எழுதும் ஓட்டத்தில், மெதுவாகப் போவதே வளைவுக்குள் கல்லா, வேரா, வடிகாலா என்று பார்க்கத்தான். சந்தேகம் வந்தால் நோட்ஸில் ‘டோன்ட் கட்’ (உள்ளே வெட்டாதே). நம் ஆட்கள் புல் பச்சையாகத் தெரிந்தாலே ‘கட்’ எழுதச் சொல்கிறார்கள். புல்லுக்கு அடியில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம் இருக்கும்.

இதைவிட எரிச்சல், மதியம் அதே ஸ்டேஜ் திரும்ப வரும்போதும் காலை நோட்ஸையே படிக்கச் சொல்வது. முன்னால் போன கார்கள் உள்விளிம்பைத் தோண்டியிருக்கும், புதைந்து கிடந்த கல் மேலே வந்திருக்கும். நடுவில் காரைச் சரிபார்க்கும் சர்வீசில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து திருத்தினால் போதும். ஒருத்தன், “காலைல ஃப்ளாட்டாப் (முழு வேகத்தில்) போன கார்னர்தானுங்ணா” என்றான். அதே கார்னரில் முன் வீல், அதைத் தாங்கும் லோயர் ஆர்மோடு பிய்ந்தது. அவன் அப்பா போட்ட காசு.

முதல் நாளே கணக்கை மூடுவது

1998 உலக சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றில் மாக்கினன் முதல் நாளே கான்கிரீட் கட்டையில் இடித்து வெளியேறினார். கடைசி ஸ்டேஜில், முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால், பட்டத்துக்கு அவரோடு மோதிய கார்லோஸ் சைன்ஸின் டொயோட்டா இன்ஜின் செத்தது. பட்டம் மாக்கினனுக்கு. ஒரு ரேலியில் கார் நின்றதும் சீசனையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

ரேலிக்கு ஒரு கோ-டிரைவரை மாற்றுவது

செபாஸ்டியன் லோபின் 9 உலகப் பட்டத்திலும் பக்கத்து சீட்டில் டேனியல் எலீனாதான்.

ஸ்டெப்னி மாற்றப் பழகாமல் வருவது

வராதீர்கள்.