சஸ்பென்ஷனில் கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக சஸ்பென்ஷன் மாற்ற வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தவறுகளின் பட்டியல் மட்டும் மாறுவதே இல்லை. எங்கள் செட் ஆட்கள் எதில் காசை விட்டோமோ, அதிலேயேதான் இப்போது வருபவர்களும் விடுகிறார்கள். போலி உதிரிபாகம் வாங்காதீர்கள், உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பழைய ஷாக் அப்சார்பரில் மாட்டுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். "ஷாக் நல்லாத்தானே இருக்கு, ஸ்பிரிங் மட்டும் மாத்தினா போதும்" என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். செலவு பாதியாகிறது, வண்டியும் பார்க்க அழகாக உட்கார்ந்துவிடுகிறது. வண்டிக்காரருக்கு முதல் வாரம் முழுக்கச் சந்தோஷம்தான்.

அப்படி ஒரு வண்டி வந்தது. ஓட்டுபவருக்கு எந்தக் குறையும் இல்லை. "செம ஸ்டிஃபா இருக்கு, பின்னால உட்கார்றவங்க மட்டும் இடுப்பு வலின்னு சொல்றாங்க" என்றார். வண்டியைத் தூக்கி, பின் ஷாக்கின் ரப்பர் உறையை மேலே தள்ளிப் பார்த்தேன். உள்ளே இருந்த பம்ப் ஸ்டாப்பின் (ஷாக் கடைசி வரை அமுங்கும்போது மோதலைத் தாங்கும் ஃபோம் துண்டு) நுனி நசுங்கிப் பிய்ந்திருந்தது. தொட்டால் மஞ்சள் ஃபோம் துகளாக உதிர்ந்தது. ஷாக் ராடைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுப்புப் பசையாக நின்றது. சில மாதங்களுக்கு முன்புதான் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார். அவர் ஸ்டிஃப் என்று ரசித்தது புது ஸ்பிரிங்கை அல்ல, பம்ப் ஸ்டாப்பில் போய் இடித்துக்கொண்டே ஓடிய வண்டியை.

ஏன் இப்படி ஆகிறது? சக்கரம் மேலே போவதற்கு ஓர் அளவான இடம் இருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது அந்த இடம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. தாழ்த்தினால் மீதி 40. பள்ளத்தில் விழும்போது வருகிற ஆற்றல் மட்டும் குறையவில்லை. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல், அமுங்கும் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆக, பாதித் தூரத்தில் அதே அடியைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் 4 மடங்கு கடினமாக இருக்க வேண்டும். அந்தக் கடினத்தில் சாலையில் யாராலும் ஓட்ட முடியாது, அதனால் யாரும் அப்படி விற்பதும் இல்லை. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளில் பெரும்பாலானவை ஒரிஜினலைவிட 20, 30 சதவீதம் கடினம், அவ்வளவுதான். மிச்ச அடி முழுவதும் பம்ப் ஸ்டாப்பில், பிறகு ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு இணைக்கும் டாப் மவுன்ட்டில், கடைசியில் பாடியில் இறங்குகிறது.

சொகுசு போவது மட்டும் என்றால் நானும் விட்டுவிடுவேன். வளைவில் நடப்பதுதான் கவலை. வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொட்ட நொடியில் அந்த முனை திடீரென இறுகிவிடும். எடை சட்டென்று அந்த ஒரு டயரில் ஏறும், பிடி போகும். முன் சக்கரத்தில் நடந்தால் வண்டி நேராக ஓடப் பார்க்கும். பின் சக்கரத்தில் நடந்தால் பின்பக்கம் வெளியே வீசிவிடும். அதுவும் நடு வளைவில், முன்னறிவிப்பே இல்லாமல்.

இதில் ஷாக் அப்சார்பரின் பங்கு வேறு இருக்கிறது. அமுங்கின ஸ்பிரிங் திரும்பி விரிவதை அடக்குவதுதான் அதன் முக்கிய வேலை. பழைய ஷாக், பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது. ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால், அதே ஷாக்கின் அடக்கும் திறன் விகிதத்தில் சுமார் 12 சதவீதம் குறைந்துவிடும். அது புதிய ஷாக்குக்கான கணக்கு. நிறைய கிலோமீட்டர் ஓடின ஷாக்குக்கு நிலைமை இன்னும் மோசம். வேகத்தடை தாண்டியதும் வண்டி ஒருமுறை எழும்பி அடங்காமல், இரண்டு மூன்று முறை ஆடும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி 20 சதவீதம் கடினமாகும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டின முனை ஸ்பிரிங் இருக்கையில் (ஸ்பிரிங் உட்காரும் தட்டு) சரியாக உட்காராது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் அந்தத் தட்டை விட்டு விலகலாம். வெட்டாதீர்கள்.

அப்போ என்னதான் செய்வது? ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தி விற்கப்படும் செட்டாக வாங்குங்கள். அந்த ஷாக்கின் உடல் ஒரிஜினலைவிடக் குட்டையா என்று கேளுங்கள். குட்டையாக இருந்தால்தான் தாழ்த்தின பிறகும் உள்ளே பிஸ்டனுக்குப் போக இடம் இருக்கும். கேட்டதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அதை வாங்காதீர்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தைத் திருகி மாற்றும்படி வரும் காயில்ஓவர் வாங்குவதாக இருந்தால், ஸ்பிரிங் இருக்கையைத் திருகி உயரம் குறைப்பதா, அல்லது கீழ்ப் பிடிமானத்தைத் திருகி ஷாக்கின் மொத்த நீளத்தையே மாற்றுவதா என்று பாருங்கள். முதல் வகையில் தாழ்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சக்கரத்தின் பயணத்திலிருந்து போகிறது. இரண்டாவதில் அப்படி இல்லை. இடம் வேண்டும் என்று பம்ப் ஸ்டாப்பை அறுத்துக் குட்டையாக்குவதும் ஆபத்து. உள்ளே இடம் இல்லாத ஷாக்கில் அப்புறம் பிஸ்டன் நேராக அடிவால்வில் மோதும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ராடு வெளியே தெரிகிற ஷாக்காக இருந்தால், ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை ராடைச் சுற்றி இறுக்கி, ஷாக் உடலை ஒட்டினாற்போல் கீழே தள்ளி வையுங்கள். வழக்கமாகப் போகும் பாதையில், வழக்கமான சுமையோடு ஓட்டிவிட்டு வாருங்கள். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் டை மேலே போய் நின்றிருக்கும். நல்ல சாலையில் போய் வந்தே அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால், உங்கள் வண்டியில் ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையைப் பம்ப் ஸ்டாப் செய்துகொண்டிருக்கிறது.

முன்பக்கம் மட்டும் மாற்றுவது

"இப்போதைக்கு முன்னாடி மட்டும், பின்னாடி அப்புறம்" என்பார்கள். அந்த அப்புறம் வரும்வரை வண்டி முன்னும் பின்னும் தலையாட்டிக்கொண்டே ஓடும். 1930களில் மோரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதை முறையாக ஆராய்ந்தார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து கேடிலாக்குக்குப் போனவர் அவர். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் சற்று தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்க ஆட்டத்தை எட்டிப் பிடித்து, வண்டி மட்டமாக அடங்கும். முன்னால் மட்டும் கடினமான ஸ்பிரிங் போட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. காசு இல்லையென்றால் சேர்த்துவைத்து நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள்.

மேக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்துவது

இன்றைய சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இந்த வகைதான்: ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக்கே தூண்போல் நின்று சக்கரத்தைப் பிடித்திருக்கும். வண்டி நிற்கும்போது கீழே குனிந்து, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மைப் பாருங்கள். சக்கரப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தோ மட்டமாகவோ இருக்கும். நிறைய தாழ்த்தினால் சக்கரப் பக்கம் மேலே போய்விடும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் வேகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடுவதால், தாழ்த்தின வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும். சாலைக்கு 20, 25 மி.மீ. தாண்ட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நீளமான பால் ஜாயின்ட், டை ராடு எண்டு எல்லாம் சேர்த்து யோசிக்க வேண்டும்.

தடித்த ஆன்ட்டி ரோல் பார்

இடது, வலது சக்கரங்களை இணைத்து வண்டியின் சாய்வைக் குறைக்கும் கம்பி இது. 20 மி.மீ. பாருக்குப் பதில் 22 போடுவது சின்ன மாற்றமாகத் தெரியும். விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுவதால், அது 46 சதவீதம் கூடுதல் விறைப்பு. முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்னால் தடித்த பார் போட்டால், சாய்வு குறையும், ஆனால் வளைவில் முன் டயர் பெரும்பாலும் இன்னும் சீக்கிரம் வழுக்கும். பின்பக்கப் பாரைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அதையும் ஒரே தாவலில் உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எல்லா கிளிக்கையும் கடைசி வரை திருகுவது

அடக்கும் திறனைக் கிளிக் கிளிக்காகத் திருகிச் சரிசெய்யக்கூடிய ஷாக் கிடைத்ததும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். விரிவதை அளவுக்கு மீறி அடக்கினால், ஒரு மேட்டில் அமுங்கின சக்கரம் திரும்பி இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர் மேடுகளில் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்காரும். நடுவில் தொடங்கி, இரண்டு கிளிக் மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் செருகுவது

வேண்டாம்.

தேய்ந்த புஷ்ஷை அப்படியே விட்டுவிடுவது

லோயர் ஆர்ம் இணைப்பில் இருக்கும் பழைய ரப்பர் புஷ்ஷும் டாப் மவுன்ட்டும் ஆடிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் அதன் குணம் தெரியாது. பல வண்டிகளில் இவற்றையும் டயரையும் மாற்றினாலே ஆசைப்பட்டது கிடைத்துவிடுகிறது.

அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டுவது

உயரம் மாறினால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறும். டயரின் ஓரத்தைத் தின்பதில் கேம்பரைவிட (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) டோதான் முன்னால் நிற்கிறது.

சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குவது

பாகம் எல்லாம் சரியாக வாங்கியும் வேலையில் கெடுவது இங்கேதான். ரப்பர் புஷ்ஷின் உள் உருளையும் வெளி உருளையும் ரப்பரோடு ஒட்டப்பட்டவை. உள்ளே எதுவும் சுழலாது, ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், அந்த ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் முறுகியே இருக்கும். சும்மா நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு இல்லை. சீக்கிரம் கிழியும், நிற்கும் உயரமும் சில மில்லிமீட்டர் தவறாகக் காட்டும். போல்ட்டைக் கையால் பிடித்துவைத்து, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது, நிறுவனம் சொன்ன டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவுக்கு இறுக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் இதை வாய்விட்டுக் கேளுங்கள், முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க்கை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்போதே ஹெட்லைட் உயரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியில் கேமரா இருக்கும் வண்டி என்றால், உயரம் மாறியதால் அதையும் காலிபரேட் செய்ய வேண்டியிருக்குமா என்று கேட்டுவிடுங்கள்.