“நானாத்தான் விழுந்தேன்” என்று சொல்லாதீர்கள்: விபத்து இழப்பீட்டு வழக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில், புதிதாகத் தனியே தொழில் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி தன்னுடைய முதல் விபத்து மனுவைக் கொண்டுவந்து காட்டினார். நன்றாகவே எழுதியிருந்தார். “ஏ.ஆர். காப்பி எங்க?” என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. “அதை அப்புறம் வாங்கிக்கிடலாம்லா சார்” என்றார். 2006-ல் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதற்கான விலையை என் கட்சிக்காரர் கொடுத்தார்.

ஹெல்மெட், லைசென்ஸ், மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“நானாத்தான் விழுந்தேன்”

விபத்தில் அடிபட்டவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனதும் டூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டை எடுப்பார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், சுருக்கமாக ஏ.ஆர். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார், எங்கே, எப்படி அடிபட்டது, உடம்பில் எங்கெங்கே காயம் என்று எழுதுவார். பாதிப் பக்கம்கூட வராது. இழப்பீட்டு வழக்கின் தலையெழுத்து பல நேரம் அந்தப் பாதிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

என் கட்சிக்காரர் நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். விடியற்காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவரைப் பின்னால் வந்த பைக் தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. தட்டியது இருபத்திரண்டு வயதுப் பையன். ஓடிப்போகவில்லை, ஆட்டோ பிடித்து அவனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறான்: “அண்ணாச்சி, கேஸ் கீஸ்னு ஆச்சுன்னா என் வேலை போயிரும். செலவு பூரா நான் பாத்துக்கிடுதேன். நானா விழுந்தேன்னு சொல்லிருங்க.” இவரும் மனசு இளகிச் சரி என்று தலையாட்டிவிட்டார். டாக்டர் கேட்டபோது பதில் சொன்னது அந்தப் பையன். இவர் வலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சாய்ந்த கையெழுத்தில் டாக்டர் இரண்டு வார்த்தை எழுதினார்: செல்ஃப் ஃபால்.

முதல் இரண்டு நாளில் நாலாயிரம் ரூபாய் வந்தது. மூன்றாம் நாள் பையனின் போன் அணைந்துவிட்டது. பதினோராம் நாள் போலீசில் புகார் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். நான் எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்து மனு போட்டேன். ஏ.ஆர். காப்பியை நான் முதன்முதலில் பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலின் கையில், அந்த இரண்டு வார்த்தையின்மேல் மஞ்சள் கோடு போட்டிருந்ததை.

அவர் அதிகம் கேட்கவில்லை. “ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனா? டாக்டர் எழுதும்போது நீங்க அங்கதான இருந்தீங்க? நான் விழலை, வண்டி மோதிச்சுன்னு சொன்னீங்களா?” கூண்டில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மனு தள்ளுபடியானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்து, டீக்கடைக்காரரின் சாட்சியை வைத்துப் போராடி, பல வருஷம் கழித்துக் கிடைத்தது கேட்டதில் பாதிகூட இல்லை. அதற்குள் மூட்டை தூக்கிய மனுஷன் காலை இழுத்துக்கொண்டு வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்றும் ‘செல்ஃப் ஃபால்’ என்ற வார்த்தையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஏ.ஆருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? வழக்கு, இழப்பீடு என்று யாரும் யோசிக்கத் தொடங்காத நேரத்தில் எழுதப்படுவது அது. அதனால் நீதிமன்றம் அதை நம்புகிறது. டாக்டர் விசாரணை செய்வதில்லை, சொன்னதை எழுதுகிறார். அப்படியென்றால் சொல்வது யார் என்பதுதான் கேள்வி. மயக்கத்தில் கிடப்பவருக்காகப் பேசுவது கூட்டி வந்தவர். பல நேரம் அவர்தான் இடித்தவர். ஆகவே தகவல் கிடைத்ததும் வீட்டிலிருந்து ஒருவர் நேரே டூட்டி டாக்டரிடம் போய், “இன்ன இடத்தில் இன்ன வண்டி மோதியது” என்று சொல்ல வேண்டும். வண்டி நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். மருத்துவமனையில் புறக்காவல் நிலையம் இருந்தால் அங்கேயும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

போலீஸ் கேஸ் என்றால் சிகிச்சை தாமதமாகும் என்று இன்னும் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், தனியார் உட்பட, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. பணத்துக்குப் பயந்து பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு தயக்கம் இரக்கத்தால் வருவது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் இழப்பீட்டைக் கட்டுவது கம்பெனிதான். காயத்துக்கும் உயிருக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பு கிடையாது. நீங்கள் சொல்லும் பொய்யால் மிச்சமாவது அந்தப் பையனின் காசு இல்லை, கம்பெனியின் காசு.

ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா? மறைக்காதீர்கள். எதற்காக அப்படிச் சொன்னோம், யார் கெஞ்சினார்கள், பிறகு ஏன் புகார் கொடுக்கிறோம் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள், மனுவிலும் எழுதுங்கள். பார்த்த சாட்சி, கடை வாசலின் சிசிடிவி பதிவு, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் வரும் சேதம், பையன் அனுப்பிய ஜிபே ரசீது எல்லாம் கை கொடுக்கும். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதற்கு முதலில் ஓடுங்கள். புகார் தாமதமானது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-ல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிகிச்சையைப் பார்த்துவிட்டுத்தான் மனிதர்கள் போலீசுக்குப் போவார்கள் என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் தாமதத்துக்குக் கிடைக்கும் அந்த இரக்கம், விளக்கமில்லாத ‘செல்ஃப் ஃபாலு’க்குக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள்.

“எப்ப வேணா போடலாம்”

போட முடியாது. 1994-க்குப் பிறகு நீண்ட காலம் காலக்கெடு இல்லாமல்தான் இருந்தது. பெரியவர்கள் அந்த நினைவில் சொல்கிறார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று வந்துவிட்டது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

“பிளேட் எடுத்தபிறகு பார்ப்போம்” என்பதுதான் இங்கே அதிகம் கேட்கும் பேச்சு. காலில் வைத்த பிளேட்டை எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம். மனுவை முதலில் போட்டுவிடுங்கள். பின்னால் வரும் செலவை விசாரணையில் காட்டலாம்.

விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டுமா?

இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். செங்கல்பட்டில் அடிபட்ட அம்பாசமுத்திரத்துக்காரர் செங்கல்பட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

சதவீதத்தை மட்டும் நம்புவது

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் எத்தனை பேர்! அப்படி ஒரு அம்மாவுக்கு ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் வலது கட்டைவிரல் மடங்காமல் போய்விட்டது. ஊனச் சான்றில் 10 சதவீதம். கட்டைவிரல் மடங்காமல் இலையைச் சுருட்ட முடியாது, நுனியை மடக்க முடியாது, நூல் கட்ட முடியாது.

உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. கை போனால் ஓட்டுநருக்கு வருமானம் கிட்டத்தட்ட முழுதாகப் போகலாம், அலுவலக எழுத்தருக்கு அப்படி ஆகாமலும் போகலாம்.

கணக்கைப் பாருங்கள். வயது 38, மாத வருமானம் 9,000 ரூபாய். வருஷத்துக்கு 1,08,000. அந்த வயதுக்கு 2009-ம் வருஷ சரளா வர்மா தீர்ப்பின்படி பெருக்கல் எண், அதாவது வருஷ வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது, 15. மொத்தம் 16,20,000. இதில் 10 சதவீதம் என்றால் 1,62,000. வருமான இழப்பு 40 சதவீதம் என்று காட்டினால் 6,48,000. எதிர்கால வருமான உயர்வை இதில் நான் சேர்க்கவில்லை.

அந்த அம்மாவை டாக்டரிடம் அனுப்பும்போது சுளகு, இலை, நூலோடு போகச் சொன்னேன். டாக்டர் முன்னால் மடியில் சுளகை வைத்து ஒரு பீடி சுற்றிப் பார்த்தார். மூன்று முறை இலை கிழிந்தது. டாக்டர் அதைப் பார்த்ததால் சாட்சியத்தில் உறுதியாகச் சொன்னார். வருமானத்துக்குப் பீடிக் கம்பெனி பாஸ்புக் இருந்தது. பாஸ்புக் இல்லாதவர்கள் பி.எஃப். விவரத்தையாவது எடுத்து வையுங்கள்.

ஒரிஜினல் பில்லை யாரிடமாவது கொடுப்பது

நகலும், யார் வாங்கினார் என்ற ஒப்புகையும் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்து

ஸ்டேஷனிலும் சரி, வக்கீல் ஆபீசிலும் சரி, என் ஆபீசிலும் சரி, போடாதீர்கள்.

வண்டி தெரியாவிட்டால் வழியில்லை என்று விடுவது

இடித்துவிட்டுப் போன வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் தனித் திட்டம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இங்கேயும் நகராது.

அரசு பஸ்

இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள். போக்குவரத்துக் கழகமே எதிர்மனுதாரர், பணம் கட்ட வேண்டியதும் கழகம்தான். தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். பஸ் ஜப்தி என்று பேப்பரில் படிக்கிறோமே, அது இந்த மனுவில் நடப்பதுதான். தீர்ப்போடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பி திங்கட்கிழமை ஏ.ஆர். காப்பியோடு வந்தார். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் படித்தோம். ‘பின்னால் வந்த கார் மோதியதாக’ என்று இருந்தது, கார் நம்பரும் இருந்தது. அடிபட்டவரின் மச்சினர் ராத்திரி பதினொரு மணிக்கு டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மதியமே மனுவைத் தாக்கல் செய்துவிட்டோம்.