கேம்பிங்கில் ஹாலோவீன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் டென்ட் ஜிப்பைத் திறந்து வெளியே வந்தால் தரை முழுக்கச் சாக்லேட் உறைகள். பிள்ளைகள் முந்தின நாள் ஓடி ஓடிச் சேர்த்த மிட்டாய் வாளி பெஞ்சுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொரு உறையும் ஓரத்தில் கிழிக்கப்பட்டு, நக்கித் துடைத்தாற்போல் காலி. ஈர மண்ணில் குழந்தைக் கை போன்ற சின்னச் சின்ன ஐந்து விரல் தடங்கள். ரக்கூன். கரடியாக இல்லாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் வடக்கு மலைப்பக்கம் நாங்கள் போன முதல் ஹாலோவீன் கேம்பிங் அது. ஹாலோவீன் என்றால் அக்டோபர் 31, பிள்ளைகள் பேய், இளவரசி என்று வேஷம் போட்டு ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்று கேட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் நாள். வீட்டில் என்றால் வாசலில் மிட்டாய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவோம். முகம் செதுக்கிய பரங்கிக்காய்க்குள் மெழுகுவத்தி ஏற்றி அப்படியே விட்டுவிடுவோம். தெருவில் சரிப்படும் இந்தப் பழக்கத்தை அப்படியே காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனோம் பாருங்கள், அதுதான் தவறு. மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

முதலில், எங்கே போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் போன்ற தேசியப் பூங்காவில் டென்ட் போட ஒரு சைட் பிடித்துவிட்டு, பிள்ளைகளுக்கு வேஷம் போட்டு, கூடை நிறைய மிட்டாயோடு உட்கார்ந்திருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். அங்கே வருகிறவர்கள் அமைதி தேடி வருகிறவர்கள். சைட் சைடாகப் போய் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ கேட்பது, டென்ட் அலங்காரப் போட்டி, வேஷ ஊர்வலம் எல்லாம் வேண்டும் என்றால் கேஓஏ, ஜெல்லிஸ்டோன் போன்ற தனியார் கேம்ப்கிரவுண்டுகள்தான் சரி. சில மாநிலப் பூங்காக்களிலும் நடத்துகிறார்கள். இவை பெரும்பாலும் வார இறுதிகளில்தான் நடக்கும். அக்டோபர் 31-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வந்தால் அன்றைக்கு நடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எந்த வாரம், எத்தனை மணிக்கு என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு லீவு போடுங்கள்.

அடுத்தது மிட்டாய். இதில்தான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். இலையுதிர்காலம் கருங்கரடிகள் குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் நேரம். ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னக்கூடிய பசியோடு அலையும். அதற்கு நம் டென்டிலிருந்து கடலை வெண்ணெய் சாக்லேட் வாசனை வந்தால் என்ன ஆகும்? உறை பிரிக்காத மிட்டாய்தானே என்று நினைக்காதீர்கள், அதன் மோப்ப சக்திக்கு முன்னால் பிளாஸ்டிக் உறையெல்லாம் ஒரு தடையே இல்லை. பிள்ளையின் தலையணைக்கு அடியில், காஸ்ட்யூம் பாக்கெட்டில், ஸ்லீப்பிங் பேக்குக்குள் ஒளித்து வைத்த ‘நாளைக்குச் சாப்பிட’ மிட்டாயைத்தான் முதலில் தேடி எடுக்க வேண்டும். பற்பசை, லிப் பாம், முகச்சாயம்கூட வாசனைப் பொருள் கணக்கில்தான் வரும்.

எங்கே வைப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஸ்மோக்கீஸில் மூடிய காருக்குள் பூட்டி வைக்கச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருட்டிய பிறகு காருக்குள் உணவு இருக்கவே கூடாது, அங்குள்ள கரடிகள் கார்க் கதவையே பெயர்த்துவிடும். சைட்டில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். நாய் கூட வருகிறதா? சாக்லேட் அதற்கு விஷம். இன்னொன்று, சைவக் குடும்பங்களுக்கு: நெருப்பில் வாட்டும் மார்ஷ்மெல்லோவிலும், பல கம்மி மிட்டாய்களிலும் ஜெலட்டின் இருக்கும், அது மிருக எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. சைவ மார்ஷ்மெல்லோ கடையில் தனியாகக் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.

வேஷத்துக்கு வருவோம். கடையில் வாங்கும் காஸ்ட்யூம் பெரும்பாலும் பாலியஸ்டர். ஒரு பொறி பட்டால் போதும், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தரையைக் கூட்டும் சூனியக்காரி அங்கியும் டிராகுலா மேலங்கியும் கேம்ப்ஃபயர் பக்கத்துக்கு ஆகவே ஆகாது. எங்கள் மகனின் மேலங்கி நுனி நெருப்பு வளையத்தில் உரசி, உள்ளங்கை அகலத்துக்குச் சுருண்டு கறுத்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தான். இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றுதான்: நெருப்பு மூட்டும் முன் வேஷம் கலைய வேண்டும்.

வேஷம் வாங்கும்போது ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். மலையில் அக்டோபர் கடைசி ராத்திரி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போவது சாதாரணம், உள்ளே தெர்மலும் ஸ்வெட்டரும் போட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை ஆசை ஆசையாய்ப் போட்ட இளவரசி கவுனுக்கு மேல் ஜாக்கெட்டை மாட்ட வேண்டியதுதான், அப்புறம் அந்த அழுகையை யார் கேட்பது? முகமூடியும் வேண்டாம், இருட்டில் பக்கவாட்டுப் பார்வையை மறைத்துவிடும். முகச்சாயம் பூசலாம். ஆனால் ஸ்மோக்கீஸ் கேம்ப்கிரவுண்டுகளில் குளியலறை கிடையாது, குழாயில் பச்சைத் தண்ணீர்தான். அந்தக் குளிரில் குழந்தை முகத்தைத் தேய்த்துக் கழுவப் பார்க்காதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய் போதும், பஞ்சில் தொட்டுத் துடைத்தால் சாயம் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

இருட்டில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் டென்ட் கயிற்றில்தான். கயிறு ஒவ்வொன்றிலும் ஒரு ஒளிரும் குச்சியைக் கட்டிவிட்டால் அலங்காரத்துக்கு அலங்காரம், பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. பரங்கிக்காய்க்குள்ளும் மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்குதான். காய்ந்த இலை குவிந்து கிடக்கும் மாதம் இது. 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்ததல்லவா, அந்த மாதிரி வருஷங்களில் மிச்சமிருக்கும் கம்பி மத்தாப்பைக் காரில் போட்டுக்கொண்டு போகத் தோன்றும். தேசியப் பூங்காவில் எந்த வாணவேடிக்கைக்கும் அனுமதி இல்லை, மத்தாப்பு உட்பட.

வீட்டுக் கொல்லையிலிருந்து விறகு கொண்டு போவதும் தவறுதான். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, விறகுக்குள் ஒளிந்து ஊர் ஊராகப் பயணம் செய்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்திருக்கிறது. அதனால் ஸ்மோக்கீஸுக்கு வெளியிலிருந்து கொண்டு போவதென்றால், சூடேற்றிப் பூச்சி நீக்கிய, முத்திரையிட்ட விறகுதான் செல்லும். குளிர்கிறதே என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்டுக்குள் கொண்டுபோவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

பஞ்சு போலப் பிய்த்து மரத்தில் கட்டும் செயற்கைச் சிலந்தி வலை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதில் சின்னப் பறவைகள் சிக்கிக்கொள்ளும். காகிதத் தோரணம் போதும். ‘மான் தின்னட்டுமே’ என்று பரங்கிக்காயைப் புதருக்குள் எறிந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசுதான், ஆனால் அது விலங்குகளைக் கேம்ப்கிரவுண்டுக்குப் பழக்கிவிடும். கொண்டு போனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பேய்க்கதை சொல்கிற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. கழிவறைக்குக் கூட்டிப் போய்விட்டு வந்த பிறகு கதையை ஆரம்பியுங்கள். நான் முன்னால் ஆரம்பித்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்து வயதுப் பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு கால் மைல் நடந்தேன். வழி முழுக்க என் கழுத்தை விடவே இல்லை.

2026-இல் ஹாலோவீன் சனிக்கிழமை வருகிறது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அமெரிக்காவில் கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது, வழக்கமாக ஆறு மணிக்கு எழுந்திருப்பவர்கள் மறுநாள் காலை ஐந்துக்கே எழுந்து நிற்பார்கள். தேசியப் பூங்காக்களில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை சத்தம் போடக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் கையில் கொடுக்க ஒரு படப் புத்தகமும், உங்களுக்கு ஃபிளாஸ்க்கில் காபியும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். ஃபிளாஸ்க்கையும் ராத்திரி டென்டுக்குள் வைக்காதீர்கள்.