அமெரிக்காவில் சோனோகிராபர் ஆவது எப்படி?

நம்மூரில் வயிற்று ஸ்கேன் என்றால் டாக்டரே உட்கார்ந்து எடுப்பார். அமெரிக்காவில் படம் எடுப்பவர் சோனோகிராபர், அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். டாக்டருக்குப் படிக்காமலே சேரக்கூடிய வேலை என்பதால் இங்கே வந்த நம்மவர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள்.

முதலில் காலேஜ். ஃபீஸைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் படிப்புக்கு சி.ஏ.ஏ.எச்.இ.பி. என்கிற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத இடத்தில் படித்தால், சோனோகிராபர்களுக்குச் சான்றிதழ் தரும் ஏ.ஆர்.டி.எம்.எஸ். அமைப்பின் தேர்வு எழுதுவதற்கே பெரும்பாலும் ஒரு வருட முழுநேர ஸ்கேன் அனுபவம் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாதவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம், வேலை இல்லாதவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? கம்யூனிட்டி காலேஜில் பொதுவாக இரண்டு வருடம். அல்ஜீப்ரா, உடற்கூறியல் எல்லாம் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

அடுத்து ஏ.ஆர்.டி.எம்.எஸ். நடத்தும் எஸ்.பி.ஐ. என்கிற இயற்பியல் தேர்வு. பாடம் முடிந்த கையோடு எழுதிவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துபோகும். ஸ்கேன் மெஷின் அனுப்பும் ஒலி மென்திசுவில் நொடிக்கு 1540 மீட்டர் போகிறது, அப்படியென்றால் 1 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோநொடி, மெஷின் ஆழத்தைக் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான். அதிர்வெண் கூடினால் படம் தெளிவாகும், ஆனால் ஆழம் எட்டாது. தைராய்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே, கல்லீரலுக்கு 3, 4 என்று வைப்பது அதனால்தான்.

சரி, இனி கைப்பழக்கம். உண்மையான படிப்பே இதுதான். பித்தப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி வெறும் வயிற்றோடு வந்திருக்க வேண்டும், சாப்பிட்டிருந்தால் பை சுருங்கிக் கிடக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, வலது விலாவுக்குக் கீழே புரோபை, அதாவது கையில் பிடிக்கும் ஸ்கேன் கருவியை, வையுங்கள். உள்ளே வெள்ளையாக ஒன்று தெரிந்தால், அதற்குப் பின்னால் கறுப்பு நிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு இடதுபக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். நிழலோடு உருண்டால் கல். உருளாமல் நிழலும் இல்லாவிட்டால் பாலிப்பாக, அதாவது சுவரில் ஒட்டிய சதை வளர்ச்சியாக, இருக்கலாம்; நிழல் இருந்தால் சிக்கிக்கொண்ட கல்லாக இருக்கலாம். “என்னங்க இருக்கு?” என்று கேட்பார்கள், முகத்தில்கூடக் காட்டக் கூடாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது.

அப்புறம் உங்கள் தோள்பட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளியைக் கட்டிலின் ஓரத்துக்கு வரச் சொல்லக் கூச்சப்பட்டு நானே எட்டி எட்டி எடுத்தேன், மூன்றாம் மாதமே வலி வந்துவிட்டது.

கடைசியாக, வயிறு அல்லது மகப்பேறு போல ஒரு பிரிவில் தேர்வு. அதையும் எஸ்.பி.ஐ.யையும் 5 வருடத்துக்குள் தேறினால்தான் பதிவுபெற்ற சோனோகிராபர் என்பதற்கான ஆர்.டி.எம்.எஸ். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.