ஓம்ஸில் மட்டும் முரண்டு பிடித்த முள்

வோல்ட், ஓம்ஸ் எல்லாம் அளக்கும் அப்பாவின் பழைய முள் மல்டிமீட்டர் பரணில் பல வருடம் கிடந்தது. வோல்ட் சரியாகக் காட்டியது. ஓம்ஸில் (மின்தடை அளக்கும் இடம்) வைத்து, அளக்கும் இரண்டு ப்ரோபையும் சேர்த்தால் முள் ஜீரோவுக்குப் போகாமல் பாதியிலேயே நின்றுவிடும். ஜீரோ குமிழைக் கடைசிவரை திருகியும் பிரயோஜனமில்லை. வோல்ட் அளக்க உள்ளே பேட்டரி வேண்டாம், ஓம்ஸுக்கு வேண்டும். அங்கேதான் சந்தேகம் விழுந்தது.

பின்மூடியைக் கழற்றினேன். ஆல்கலைன் செல் கசிந்து, ஸ்பிரிங் முழுக்க உப்புப் பூத்தது போல வெள்ளை, அடியில் பச்சை. கசிவது காரம் என்பதால் பட்ஸில் வினிகர் தொட்டு வைத்தேன், மெல்ல நுரைத்தது. பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத்பிரஷ். (அது யாருடைய பிரஷ் என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.)

புது செல் போட்டும் முள் முழுதாக வரவில்லை. செல்லிலிருந்து வரும் நெகட்டிவ் வயரின் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கன்னங்கரேல் என்று இருந்தது; சால்டரிங் ஈயம் ஒட்டவே இல்லை. இரண்டு அங்குலம் வெட்டியும் கறுப்புதான். வயரையே மாற்றினேன். ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்து லேசாக ஈயம் பூசினேன்.

இப்போது முள் ஜீரோவுக்கு வருகிறது. 1 சதவீதத்துக்குள் மட்டுமே பிழை இருக்கக்கூடிய 100 ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பார்த்தேன். முள் 100 கோட்டுக்கு ஒரு மயிரிழை இடதுபுறம். இந்த வயது மீட்டருக்கு அது போதும். வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றித் தனியாக வைத்துவிடுகிறேன்.