ஊட்டி, குன்னூர் கடைத்தெருவில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

குன்னூரில் குடியிருப்பதால் மே மாதம் முழுக்க வீட்டில் யாராவது ஒரு சொந்தக்காரர் இருப்பார். கிளம்புகிற அன்று காலை பையைப் பிரித்துக் காட்டுவார்கள். வர்க்கி, டீத்தூள், சாக்லேட், தைலம். பார்த்ததுமே தெரிந்துவிடும், எல்லாமே வந்திறங்கிய முதல் நாள், கார் நின்ற இடத்துக்கு எதிர்க்கடையில் வாங்கியது என்று.

முதல் தவறே அதுதான். சுற்றுலா வண்டிகளை நம்பிப் பிழைக்கிற கடைக்கு இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை. ஊர்க்காரர்களை நம்பியிருக்கிற கடை அப்படி இல்லை, தப்பான சரக்கைக் கொடுத்தால் மறுநாள் காலையே வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார்கள். ஊட்டியில் சேரிங் கிராஸோடு திரும்பிவிடாமல் கமர்ஷியல் ரோடு வழியாக நகராட்சி மார்க்கெட் வரை நடந்து போங்கள். குன்னூரில் பஸ் ஸ்டாண்ட் பக்கமே மார்க்கெட் இருக்கிறது. முதல் நாள் விலை மட்டும் கேளுங்கள். வாங்குவதைக் கடைசி நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

டீத்தூளில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஈரோட்டிலிருந்து சித்தப்பா ஒருமுறை போன் செய்தார். "என்ன கண்ணு, இத்தன வெல குடுத்து வாங்கியாந்தேன், சாயமே எறங்க மாட்டேங்குது?" என்ன வாங்கினார் என்று கேட்டால் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை. கடைக்காரர் 'இருக்கறதுலயே ஒசத்தி' என்று சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. ஆனால் சித்தி அதைப் பாலில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்திருக்கிறார். முழு இலையைச் சுருட்டிக் காயவைத்த தேயிலை அது. கொதித்த தண்ணீரை ஊற்றி மூன்று நான்கு நிமிடம் மூடி வைத்து, வடிகட்டிப் பால் சேர்க்காமல் குடிக்க வேண்டியது. நம் வீட்டுப் பால் டீக்கு சி.டி.சி. தூள்தான் சரி. இலையை நறுக்கி நசுக்கிக் குருணையாக்கியது என்பதால் சட்டென்று நிறமும் திடமும் இறங்கும். நீலகிரி ஃபேக்டரிகளில் பெரும்பாலும் தயாராவதும் அதுவே. அதனால் 'நல்ல டீத்தூள் குடுங்க' என்று கேட்காமல் 'பால் டீக்கு வேணும்' என்று கேளுங்கள், பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சாயம் கலந்த தூளும் உண்டு. ஒரு வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் ஒரு சிட்டிகை தூவி, மேலே சில சொட்டுப் பச்சைத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பட்ட உடனே கறை படர்ந்தால் வேண்டாம். நல்ல தூளுக்குக் குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு அவசரம் கிடையாது. சோதித்துப் பார்க்க நேரமில்லாதவர்கள் அரசு நிறுவனமான டான்டீயின் பாக்கெட்டையோ, கூட்டுறவு ஃபேக்டரிகளின் இண்ட்கோ பாக்கெட்டையோ வாங்கிக்கொள்ளலாம்.

வர்க்கி விஷயம் வேறு. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து போர்டுகள் பெரிதாகிவிட்டன. விறகு அடுப்பில் சுடுகிற பேக்கரியாகப் பார்த்து வாங்குங்கள். கையில் எடுத்து ஒடித்தால் ஏடு ஏடாகப் பிரிந்து, மடியெல்லாம் தூள் கொட்ட வேண்டும். பல்லில் மாவாக அப்பினால் நமுத்துவிட்டது என்று அர்த்தம். மலையில் பனியும் ஈரமும் அதிகம், திறந்து வைத்த வர்க்கி ஒரு ராத்திரி கூடத் தாங்காது. பையில் திணித்தால் ஊர் போவதற்குள் ரவையாகிவிடும். இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். இன்னொன்று, பிஸ்கட் மாதிரி வெறுமனே கடித்துவிட்டு 'இதுக்கா இத்தனை பேச்சு' என்பவர்களும் உண்டு. சூடான டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஹோம்மேட் சாக்லேட்டில் கோகோ பட்டர் இருக்கிறதா, வனஸ்பதி வகைக் கொழுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கோகோ பட்டர் நம் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும். மேட்டுப்பாளையம் வெயிலில் காருக்குள் கிடந்தும் கல் மாதிரி இருந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

தைலத்தை ஒரு சொட்டு காகிதத்தில் விட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகு எண்ணெய்ப் பிசுக்காகக் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு எந்தத் தைலத்தையும் மூக்கருகே தடவாதீர்கள். தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுப் பற்றவைப்பது எல்லாம் வெறும் வேடிக்கை, அதை நம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பும் அரிசியும் வேக நேரமாகும். குளிரில் இட்லி மாவு புளிக்கவும் தாமதமாகும். தட்டில் வைத்தது ஆறுவதோ கண் மூடித் திறப்பதற்குள். எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆர்டர் செய்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் கடைசியில் விறைத்த தோசையைத்தான் மெல்ல வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், கல்லிலிருந்து நேராக வரட்டும். சீசன் இல்லாத மாதங்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஹோட்டல் தேடி அலையாதீர்கள். நீலகிரி மலைவாசிகளான படகர் இனத்தாரின் வீட்டுச் சமையலை ஹோட்டல் மெனுவில் தேடுவதும் வீண். களியும் அவரைக் குழம்பும் ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், ஒரு வீட்டில் கூப்பிட்டால் கிடைக்கும். கூப்பிட்டால் மறுக்காதீர்கள்.

காய்கறியில், மெஷினில் கழுவிப் பளபளக்கிற கேரட்டைத்தான் எல்லோரும் அள்ளுகிறார்கள். மண் ஒட்டியதுதான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் தாங்கும். தாட்பூட் பழத்திலும் (பேஷன் ஃப்ரூட்) அப்படித்தான், வழுவழுப்பானதைத் தள்ளிவிட்டுத் தோல் சுருங்கியதை எடுங்கள், இனிப்பு அதில்தான். பிளம்ஸும் பீச்சும் கோடையில் வரும், பேரி ஜூலைக்கு மேல். மற்ற மாதங்களில் 'ஊட்டிப் பழம்' என்று கூவுகிறவரிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டால் சிரிப்பார்.

பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் மாவட்டத்தில் தடை. மலையேறும் வழியில் கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் சோதனை உண்டு. துணிப்பை இரண்டு கொண்டுவாருங்கள், ஒன்று பூண்டுக்கு மட்டும். புதுப் பூண்டில் தாள், அதாவது தண்டு, ஈரமாக இருக்கும், மூடிக் கட்டினால் அழுகிவிடும். வீடு போனதும் கொத்தாகக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். காருக்குள் அந்த வாசனை இரண்டு நாள் போகாது, அதற்கு நான் பொறுப்பில்லை.